அரைச் சாணில் காணாமல் போன சித்தி

திருக்கடையூரில் சித்தப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் 50 எம்.எம். லென்ஸ் ஒன்று வாங்கியிருந்தேன்; எஃப் 1.8 வரை திறக்கும். புதுச் சைக்கிள் வாங்கிய பையன் தெருமுனைக் கடைக்கு நடந்தா போவான்? மண்டபத்துக்குள் நுழைந்ததிலிருந்து கிளம்பும்வரை அப்பர்ச்சரை 1.8-ஐ விட்டு நான் நகர்த்தவே இல்லை.

கலச நீர் ஊற்றி முடித்து, தலை துவட்டி, புதுத் துணியும் மாலையுமாக இருவரும் வந்து நின்றார்கள். சித்தப்பா முன்னால். சித்தி அவருக்கு ஒரு முழம் பின்னால், அவர் தோளுக்குப் பக்கத்தில் முகம் மட்டும் தெரிய. கல்யாணம் ஆன நாளிலிருந்து எந்தப் போட்டோவிலும் அவர்கள் நிற்கிற வரிசை அதுதான். நான் 2 மீட்டர் தள்ளி நின்று, சித்தப்பாவின் கண்ணில் ஃபோகஸ் வைத்து, படபடவென்று பதினைந்து படம் எடுத்தேன். கேமராவின் பின்பக்கத் திரையில் பார்த்தால், பின்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் கரைந்து போயிருந்தன. சீரியல் பல்புகள் வட்ட வட்டமாக மின்னின. "சினிமா மாதிரி இருக்குக்கா" என்றான் மாமா பையன். போதாதா எனக்கு?

அதில் ஒன்றை 12-க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போட்டு, சட்டமும் மாட்டி, கும்பகோணத்துக்கு எடுத்துப் போனேன். சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"ஏண்டி, என் கண்ணு மங்கிப்போச்சா, இல்ல படத்துல நான்தான் மங்கிப்போயிட்டேனா?"

சித்தப்பாவின் மீசையில் நரை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். சித்தியின் முகமோ, ஈரத்துணியால் ஒருதரம் இழுத்துவிட்ட கோலம் மாதிரி இருந்தது.

அன்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கேமராவில் இருப்பது ஏபிஎஸ்-சி அளவு சென்சார். அதில் 50 எம்.எம். லென்ஸ், எஃப் 1.8, தூரம் 2 மீட்டர் என்றால் படத்தில் தெளிவாக விழுகிற பகுதியின் கனம் மொத்தமே சுமார் 11 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட அரைச் சாண். அதிலும் பாதி சித்தப்பாவின் கண்ணுக்கு முன்னால் போய்விடும்; பின்னால் மிச்சம் இருப்பது நாலு விரல் அகலம்கூட இல்லை. சித்தி நின்றது ஒரு முழம் தள்ளி. எப்படித் தெரிவாள்?

அந்த அரைச் சாணுக்குத்தான் டெப்த் ஆஃப் ஃபீல்ட் என்று பெயர். தமிழில் புல ஆழம் என்கிறார்கள். இந்தப் பதிவில் நான் சும்மா ஆழம் என்றே சொல்லப்போகிறேன். சித்தியைத் தொலைத்த பிறகு ஆறு மாதம் இதோடு மல்லுக்கட்டினேன். அதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆழத்தைக் கூட்டவும் குறைக்கவும் இருக்கிற வழிகளில் வலுவானது கேமராவில் இல்லை.

பத்து ரூபாய் நாணயமும் பாசிப்பயறும்

முதலில் எல்லோரையும் குழப்புகிற அந்த எஃப் எண். எண் சின்னதானால் துளை பெரிது, எண் பெரிதானால் துளை சின்னது. தலைகீழாகத் தோன்றும். காரணம் சாதாரண வகுத்தல்தான். லென்ஸின் குவிய நீளத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 50 எம்.எம். லென்ஸில் எஃப் 1.8 என்றால் துளை ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். ஒரு பத்து ரூபாய் நாணயத்தைவிட நூல் அளவு பெரிது. எஃப் 8 என்றால் 6 மில்லிமீட்டர், காய்ந்த பட்டாணி. எஃப் 16 என்றால் 3 மில்லிமீட்டர், பாசிப்பயறு.

துளை சிறுத்தால் ஆழம் ஏன் கூடுகிறது? இது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம். கிட்டப்பார்வை உள்ளவர்கள் கண்ணாடி இல்லாமல் பேருந்தின் எண்ணைப் படிக்க என்ன செய்வார்கள்? கண்ணை இடுக்குவார்கள். எட்டாம் வகுப்பில், கண்ணாடி போடுவதற்கு முன்னால், நான் கையைக் குழல் மாதிரி மடக்கி அதன் ஓட்டை வழியாகக் கரும்பலகையைப் படித்திருக்கிறேன்.

நடப்பது இதுதான். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வருகிற ஒளி, லென்ஸைத் தாண்டியதும் கூம்பாகக் குவிந்து ஒரு புள்ளியில் சேர்கிறது. அந்த நுனி சரியாகச் சென்சார்மேல் விழுந்தால் புள்ளி புள்ளியாகவே பதியும். முன்னாலோ பின்னாலோ விழுந்தால், கூம்பு வெட்டுப்பட்டுச் சின்ன வட்டமாகப் பதியும். துளை அகலம் என்றால் கூம்பும் அகலம். கொஞ்சம் தவறினாலே பெரிய வட்டம். துளை குறுகினால் கூம்பு ஊசி மாதிரி ஒல்லியாகிவிடும். தவறினாலும் வட்டம் சின்னதாகவே இருக்கும். ஓரளவுக்குச் சின்னதான வட்டத்தை நம் கண் புள்ளி என்றே எடுத்துக்கொள்ளும். என் சென்சாருக்கு அந்த எல்லையை 0.02 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ஒன்று, நிஜமாகவே கூர்மையாக இருப்பது ஒரே ஒரு தளம்தான். மற்றதெல்லாம் கண் மன்னித்துவிடுகிற மங்கல். அரைச் சாண் என்று நான் சொன்னதற்குச் சுவர் கிடையாது. தெளிவு மெள்ள மெள்ளத்தான் கரையும். இரண்டு, படத்தைப் பெரிதாக்கினால் அந்த வட்டங்களும் பெரிதாகும், மன்னிப்பும் போய்விடும். குட்டித் திரையில் நன்றாக இருந்த சித்தி, 12-க்கு 18-இல் மங்கியது இதனால்தான். அப்புறம் இன்னொரு கண்ணி: டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் வியூஃபைண்டரில் எட்டிப் பார்க்கும்போது லென்ஸ் எப்போதும் முழுசாகத் திறந்தேதான் இருக்கும். நீங்கள் எஃப் 11 வைத்திருந்தாலும் அந்த ஆழம் கண்ணில் படாது. லென்ஸுக்குப் பக்கத்தில் ஆழத்தைக் காட்டவென்று ஒரு பொத்தான் பல கேமராக்களில் உண்டு. அமுக்கினால் காட்சி இருட்டும், ஆழம் தெரியும். அது இல்லாவிட்டால், எடுத்த படத்தைத் திரையில் பெரிதாக்கிக் கடைசியில் நிற்பவர் முகத்தைப் பாருங்கள். முதல் ஆளை அல்ல.

பல்லாங்குழிப் பரீட்சை

சூத்திரத்தைப் படித்து எனக்கு எதுவும் ஏறவில்லை. பரணிலிருந்து பாட்டியின் பல்லாங்குழிப் பலகையை இறக்கிய பிறகுதான் ஏறியது. ஒரு வரிசைக்கு ஏழு குழி; எங்கள் பலகையில் ஒரு குழியின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 6 சென்டிமீட்டர். ஆழத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எந்தக் கடையில் கிடைக்கும்? ஜன்னலோரம் பலகையை நீளவாக்கில் போட்டு, குழிகளில் சோழியை நிரப்பி, கேமராவைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி வைத்தேன். டயலை அப்பர்ச்சர் பிரியாரிட்டிக்குத் திருப்பினேன். கேனானில் அது ஏவி, நிக்கானிலும் சோனியிலும் ஏ. துளையை நாம் சொல்வோம், ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஃபோகஸை ஒற்றைப் புள்ளிக்கு மாற்றி நாலாவது குழியில் வைத்தேன். இல்லையென்றால் கேமரா தன் இஷ்டத்துக்கு, பெரும்பாலும் கிட்டத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்ளும்.

1 மீட்டர் தூரம், எஃப் 1.8: நாலாவது குழியிலேயே நடுச் சோழி மட்டும் பளிச்சென்று இருந்தது. கணக்குப்படி 2.7 சென்டிமீட்டர். அதே இடத்தில் எஃப் 8: இரண்டு குழி. எஃப் 16: நாலு குழி.

ஆனால் துளையை மூடினால் வெளிச்சத்தில் கைவைக்கும். 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசையில் ஒவ்வொரு படி ஏறும்போதும் உள்ளே வருகிற வெளிச்சம் பாதியாகும். 1.8-இலிருந்து 8-க்குப் போனால் இருபதில் ஒரு பங்குதான் மிஞ்சும். நூறில் ஒரு விநாடியில் எடுத்த படத்துக்கு இனி ஐந்தில் ஒரு விநாடி வேண்டும். கை நடுங்கும், ஆள் அசைவார். இல்லையென்றால் ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டும். படத்தில் ரவை தெளித்த மாதிரி புள்ளிகள் வரும். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது.

சரி, எஃப் 1.8-ஐயே வைத்துக்கொண்டு, பலகையிலிருந்து இன்னும் 1 மீட்டர் பின்னால் தள்ளிப் போய் 2 மீட்டரில் எடுத்துப் பார்த்தேன். எண்ணினேன். இரண்டு குழி! எஃப் 8-இல், இருபது பங்கு வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டு வாங்கிய அதே இரண்டு குழி. இங்கே ஒரு பைசா செலவில்லை.

தூரம் இரட்டித்தால் ஆழம் ஏறக்குறைய நாலு மடங்கு ஆகும். 1 மீட்டரில் 2.7, 2 மீட்டரில் 11, 4 மீட்டரில் 45 சென்டிமீட்டர். அதாவது ஒன்றரை விரற்கடை, அரைச் சாண், ஒரு முழம். துளை இரட்டிப்பாகச் சிறுத்தால் ஆழம் இரண்டு மடங்குதான். கால் வைத்தால் இரண்டும் இரண்டும் நாலு. டயலைத் திருப்பினால் இரண்டு மட்டும். கேமராவின் மிகப் பெரிய செட்டிங் நம் கால் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பின்னால் போனால் உருவம் சின்னதாகும் என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. ஆமாம், அதுதான் விலை. பிறகு கணினியில் வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அப்போது மங்கல் வட்டங்களும் பெரிதாவதால் கிடைத்த நாலு மடங்கில் பாதி கையைவிட்டுப் போகும். அப்படியும் இரண்டு மடங்கு லாபம்.

போகிற போக்கில் ஒரு பழைய பாடத்தையும் திருத்திக்கொண்டேன். ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னால், இரண்டு பங்கு பின்னால் என்று சொல்வார்கள். தூரத்துக் காட்சிகளில் அப்படி அமையும் சந்தர்ப்பம் உண்டு. பல்லாங்குழித் தூரத்தில் பார்த்தால் முன்னாலும் பின்னாலும் கிட்டத்தட்டச் சமபங்கு.

நீளமான லென்ஸ், தள்ளி நிற்கிற சுவர்

அடுத்தது லென்ஸின் நீளம். நின்ற இடத்திலிருந்து நகராமல் 50-ஐ 100 ஆக்கினால் ஆழம் நாலில் ஒரு பங்காகும். ஆனால் யாரும் அப்படி எடுப்பதில்லை. 100 எம்.எம். போட்டால் முகம் சட்டத்துக்குள் அடங்காது, பின்னால் போவோம். முகம் பழைய அளவுக்கு வரும்வரை பின்னால் போனால் ஆழமும் ஏறத்தாழ பழைய அளவுக்கே வந்துவிடும். அப்படியானால் நீள லென்ஸில் பின்னணி ஏன் அவ்வளவு குழைகிறது? நீள லென்ஸ் பின்னணியின் ஒரு சின்னத் துண்டை இழுத்துப் பெரிதாக்கிப் படம் முழுக்கப் பரப்புகிறது. மங்கலும் கூடவே பெரிதாகிறது.

பின்னணியைக் குழைக்க 1.8 லென்ஸ் இல்லையே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கேமராவோடு வந்த 18-55 லென்ஸே போதும். 55-க்கு இழுங்கள், கிட்டே போங்கள், முக்கியமாக ஆளைச் சுவரிலிருந்து பிரித்து ஏழெட்டு அடி முன்னால் நிறுத்துங்கள். நம் வீடுகளில் படம் எடுக்கிறேன் என்றதும் எல்லோரும் போய்ச் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொள்கிறார்கள். முதுகில் ஒட்டியிருக்கிற சுவரை எந்த லென்ஸாலும் மங்கலாக்க முடியாது.

எதிர்த் திசையிலும் ஓர் எல்லை உண்டு. ஆழம்தானே வேண்டும் என்று எஃப் 22-க்குப் போனேன். துளை ரொம்பவும் குறுகினால் ஒளி அதன் விளிம்பில் வளைந்து பரவும். படம் முழுக்கவே ஒரு மெல்லிய மழுக்கல் விழுந்தது. என் கேமராவுக்கு எஃப் 11 தாண்டுவதைக் கடைசி உபாயமாக வைத்திருக்கிறேன்.

இந்த இரண்டு பித்தும் நமக்கு மட்டும் வந்ததில்லை. 1932-இல் கலிபோர்னியாவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலானோர் சேர்ந்து தொடங்கிய குழுவின் பெயரே எஃப் 64. அந்தக் காலத்து மங்கலான அழகுப் படங்களுக்கு எதிராக, காலடிக் கூழாங்கல் முதல் மலை உச்சிவரை எல்லாம் கூர்மையாக இருக்க வேண்டும் என்றவர்கள். 64 என்றதும் பயந்துவிடாதீர்கள். அவர்களுடைய பெரிய கேமராக்களுக்கு 300 எம்.எம். சாதாரண லென்ஸ், அதில் எஃப் 64 என்றால் துளை கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். மறுமுனையில் ஸ்டான்லி குப்ரிக். 1975-இல் வந்த பாரி லிண்டன் படத்தில் மெழுகுவர்த்தி வெளிச்சக் காட்சிகளை எடுக்க, நாசாவுக்காகச் செய்ஸ் தயாரித்த எஃப் 0.7 லென்ஸைப் பயன்படுத்தினார். ஆழம் அவ்வளவு குறைவு என்பதால் நடிகர்கள் உட்கார்ந்த இடத்தில் முன்னும் பின்னும் ஆடாமல் நடிக்க வேண்டியிருந்தது. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சித்தப்பா ஞாபகம்தான்.

"இதெல்லாம் எதுக்கு, போனே பண்ணிடுதே" என்பான் மாமா பையன். பண்ணுகிறதுதான். போன் கேமராவின் பெட்டியில் எஃப் 1.8 என்று போட்டிருக்கும், ஆனால் லென்ஸின் உண்மையான நீளம் ஆறேழு மில்லிமீட்டர்தான். துளை பட்டாணியைவிடச் சின்னது. அதனால் இயல்பாகவே எல்லாம் தெளிவாக விழும். போர்ட்ரெய்ட் மோடில் வருகிற மங்கல், எது ஆள், எது பின்னணி என்று கணக்குப் போட்டுப் பிறகு பூசுவது. நிறைய நேரம் நன்றாகவே பூசுகிறது. ஜிமிக்கிக்கும் கன்னத்துக்கும் நடுவே இருக்கிற சந்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தலையில் வைத்த மல்லிகைச் சரத்தின் ஓரத்தைப் பாருங்கள், அங்கேதான் தடுமாறும்.

செட்டியார் தொப்பையில் ஃபோகஸ்

சித்தி படத்தை எப்படி எடுத்திருக்க வேண்டும்? எஃப் 8 வைத்திருந்தால் போதுமே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். 2 மீட்டரில் அது தருவது 50 சென்டிமீட்டர். சித்தப்பாவின் கண்ணுக்குப் பின்னால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே. அப்போதும் சித்தி வெளியேதான். 4 மீட்டருக்குப் பின்வாங்கி எஃப் 4 வைத்திருந்தால் சித்தப்பாவுக்குப் பின்னால் மட்டும் 58 சென்டிமீட்டர் கிடைத்திருக்கும். சித்தி தாராளமாக உள்ளே. அதைவிடச் சுலபமாக, "சித்தி, முன்னாடி வந்து அவர் பக்கத்துல நில்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இருவரும் ஒரே தளத்தில் நின்றிருந்தால் எஃப் 1.8-கூடத் தப்பில்லை. அந்த ஒரு வார்த்தை எனக்குத் தோன்றவில்லை. டயலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடன் தீர்க்க நவராத்திரி வந்தது. சித்தி வீட்டில் ஏழு படிக் கொலு. மேல்படியில் மரப்பாச்சி ஜோடி, கீழே மூன்றாவது படியில் மளிகைச் சாமான் பரப்பிக்கொண்டு செட்டியாரும் செட்டிச்சியும். படிகள் பின்னோக்கிப் போகிற நீளம் மட்டும் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மீட்டர். சித்தியைப் படிக்கு முன்னால் மணை போட்டு உட்காரவைத்தேன். சித்தப்பா படி ஓரமாகப் பின்னால் நின்றுகொண்டார். சித்தியும் தெரிய வேண்டும், சித்தப்பாவும் தெரிய வேண்டும், மரப்பாச்சியின் மூக்கும் தெரிய வேண்டும்.

18-55 லென்ஸை மாட்டி 18-இல் வைத்தேன். இந்த நீளத்தில் எஃப் 5.6 என்றால், 2.9 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் போதும்; அதில் பாதித் தூரத்திலிருந்து, சுமார் ஒன்றரை மீட்டரிலிருந்து, அடிவானம்வரை எல்லாம் கண் மன்னிக்கிற தெளிவுக்குள் வந்துவிடும். ஹைப்பர்ஃபோகல் தூரம் என்பது இதுதான். ஆனால் இந்தப் படமும் சட்டம் போடப்படப்போகிறது. பட்ட அனுபவத்தால் ஒரு படி கூடுதலாக எஃப் 8 வைத்தேன். சித்தி உட்கார்ந்திருந்தது 1.8 மீட்டரில். 2.9 மீட்டரில் இருந்தது யார் என்று பார்த்தால், செட்டியார். ஆகவே ஃபோகஸைச் சித்தியின் முகத்தில் வைக்காமல் செட்டியாரின் தொப்பையில் வைத்தேன்.

முக்காலி ஸ்டாண்ட், ஐஎஸ்ஓ 1600, இருபதில் ஒரு விநாடி, கை படாமல் இரண்டு விநாடி டைமர். "சித்தி, மூச்சை இழுத்துப் பிடிங்க. சித்தப்பா, நீங்களும்தான்." பொம்மைகளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்தமுறை பிரிண்டுக்கு ஓடாமல் லேப்டாப்பில் போட்டு அப்போதே காட்டினேன். சித்தி கண்ணாடியைத் துடைக்கவில்லை. தன் முகத்தைப் பார்த்தாள், திருப்தி. சித்தப்பா முகத்தைப் பார்த்தாள். செட்டியார் கடைத் துவரம்பருப்பு, மரப்பாச்சியின் குட்டிப் பட்டுப்பாவாடை, ஜரிகை, எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். விரல் படியைத் தாண்டி மூலைக்குப் போய் நின்றது.

"எல்லாம் பளிச்னு இருக்கு. அந்தத் துடைப்பமும் பளிச்னு இருக்கே! அன்னிக்கு என்னை மங்கலாக்கினியே, அந்த மாதிரி இதை மட்டும் ஆக்கத் தெரியாதா உனக்கு?"

பார்த்தேன். மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றின் ஈர்க்குகளை எண்ணலாம் போலிருந்தது.

எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்துக் கொல்லையில் வைத்துவிட்டு வந்து, இன்னொரு படம் எடுத்தேன்.